இரண்டு புள்ளி மூன்றுக்கு ஈடாக

காலை எட்டு மணிக்கு வகுப்பு வைப்பது மனித இனத்துக்கே எதிரான செயல். நீங்களும் இதை ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன், ஐயா. அதுவும் அல்மாத்தியின் ஜனவரியில், பேருந்துக் கண்ணாடியின் உள்பக்கமே பனி உறைந்து கிடக்கும்போது, பொருளாதாரம் நடத்த ஒரு மனிதர் குளித்துக் கிளம்பி வருகிறார் என்றால் அவருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். நான் போகவில்லை. விடுதிக்கு எதிரே ஒரு பில்லியர்ட்ஸ் கூடம் இருந்தது. அங்கே வெப்பக் குழாய்கள் ஒழுங்காக வேலை செய்தன. பட்டப்படிப்பில் என் சராசரி நான்குக்கு இரண்டு புள்ளி மூன்று என்று ஆனதற்கு வேறு ஆழமான காரணம் எதுவும் கிடையாது.

குவானிஷ் எல்லா வகுப்புக்கும் போனான். அவன் என் அறைத்தோழன். சிறுவயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை நோய். காலையில் எழுந்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு, கஞ்சியைக் குடித்துவிட்டு, குளிரில் இறங்கிவிடுவான். நான் போர்வைக்குள்ளிருந்து கை அசைப்பேன். வருகைத்தாளில் என் கையெழுத்தையும் அவனே போட்டான். நான் போடுவதைவிட அழகாகப் போட்டான். தேர்வுக்கு முந்தைய நாள் என்னை உட்காரவைத்துப் பாடம் சொல்லித் தருவான். ஆகவே இரண்டு புள்ளி மூன்றில் பாதியாவது அவனுடையது. அவனுக்கு முதல் தரத்தில் தேறியவர்களுக்கான சிவப்புப் பட்டயம் கொடுத்தார்கள். எனக்கு எல்லாருக்கும் கொடுக்கும் நீலம்.

விடுதியில் சேர்ந்த முதல் மாதமே அவன் எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவைத்தான்.

"டேய் யெர்னார், நான் காரணமே இல்லாம உன்மேல எரிஞ்சு விழுந்தேன்னு வெச்சுக்க, இல்ல வேர்த்துக் கொட்டுதுன்னு வெச்சுக்க, திருப்பிச் சண்டைக்கு வராத, சர்க்கரை எறங்கிடுச்சுன்னு அர்த்தம். வாயில சர்க்கரையைத் திணி. மயங்கிட்டேன்னா ஈறுல தேய். சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."

எங்கே போனாலும் சின்னத் தகர டப்பா ஒன்றில் சர்க்கரைக் கட்டிகள் வைத்திருப்பான். நான்கு வருடத்தில் சில தடவை நானே எடுத்து அவன் வாயில் போட்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பும்; அசட்டுத்தனமாகச் சிரிப்பான்; "என்னடா திட்டினேன்?" என்று கேட்பான். பார்க்க நன்றாக இருக்கும். ஒரு மனிதனைக் காப்பாற்றுவது இவ்வளவு எளிதா என்று தோன்றும். இந்த எண்ணம் எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் இருவரும் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஊருக்கு வெளியே ஒரு பிஸ்கட், மிட்டாய்த் தொழிற்சாலை. நான் விற்பனைத் திட்டம், அவன் கணக்குப் பிரிவு. விற்பனையில் தோக்தார் என்று ஒரு அண்ணன் இருந்தார். நல்ல பருமன், நல்ல மனது. குவானிஷைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: "நம்ம கம்பெனியிலயே நேர்மையான ஆளு இவன் ஒருத்தன்தான். திருடித் தின்ன முடியாதுல்ல."

இயக்குநர் மாராத், வெளிநாட்டு வணிகப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர். பிஸ்கட்டுக்கும் ரஸ்குக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவருக்குக் கண்ணாடி அறை, அதில் ஒரு தோல் நாற்காலி, அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் மலை. இருபத்தெட்டு வயதில் எனக்கும் அந்த நாற்காலி வேண்டும் என்று தோன்றியது. இதில் குற்றம் எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

வெளிநாட்டு வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்களைத் தேற்றி அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் ஷோல்பான் என்ற அம்மையாரிடம் போனேன். என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, மருத்துவர் எக்ஸ்ரேயைத் திருப்பிப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தார்.

"அந்த நாலு வருஷத்துல உங்க வீட்ல யாராவது செத்தாங்களா?"

"இல்லக்கா."

"அப்பாவுக்கு வேலை கீலை போச்சா? அம்மாவுக்கு ஆபரேஷன்?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"சே" என்றார், உண்மையான வருத்தத்துடன். "உனக்காவது ஏதாவது வந்திருக்கக் கூடாதா?"

"பில்லியர்ட்ஸ் ஆடி மணிக்கட்டு கொஞ்சம் வலிச்சுது."

"அதை எங்கயும் எழுதித் தொலைக்காத. சின்ன வயசு, புத்தி இல்ல, இப்ப திருந்திட்டேன்னு நாலே வரி எழுது. அழக் கூடாது, சாக்கு சொல்லக் கூடாது. விழுந்த ஓட்டையை மத்த எடத்துல அடைக்கணும். நுழைவுத் தேர்வுல நல்லா வாங்கு. கணக்குப் பாடம் ரெண்டு புதுசா எடுத்துப் படிச்சு முழு மார்க் காட்டு. மூளை இருக்கு, அப்ப தூங்கிட்டிருந்துச்சுன்னு அவங்களுக்குப் புரியணும்."

அவரை இதில் இழுக்காதீர்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமானது. நான் அப்படியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குவானிஷ் வீட்டுக்குப் போவேன். அவன் புள்ளியியல் சொல்லித் தருவான். அவன் அம்மா பால்தேநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். நுழைவுத் தேர்வில் நான் வாங்கியது ஷோல்பானே எதிர்பார்க்காதது. புதிதாகப் படித்த பாடங்களில் முழு மதிப்பெண். மாராத்திடம் பரிந்துரை கேட்டேன். "நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். அடக்கமாகத்தான் எழுதினேன்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஷோல்பான் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா உன்னைப் படிச்சா கொட்டாவி வருது யெர்னார். நல்ல மார்க் வாங்கினவன் சுவாரசியம் இல்லாம இருக்கலாம், அவனை மன்னிச்சிடுவாங்க. உனக்கு அந்த வசதி இல்ல. விண்ணப்பக் கட்டுரைல, ஒரு இக்கட்டு வந்தப்ப நீ முன்னாடி நின்ன மாதிரி ஒரு கதை வேணும். படிக்கிறவன் கையில இருக்கிற டீயைக் கீழ வெச்சிடணும்."

"ஆபீஸ்ல புத்தாண்டு விழாவை நான்தான் நடத்தினேன்."

"அதுல எங்கயாவது தீப்பிடிச்சுதா?"

"இல்லக்கா."

"பாத்தியா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். தீ என்பது ஆபத்தானது. பிறர் சொத்து சம்பந்தப்பட்டது. நான் அப்படிப்பட்டவன் அல்ல. எனக்குத் தேவைப்பட்டது சிறிய, கட்டுக்குள் அடங்கிய ஒரு இக்கட்டு. யாருக்கும் சேதம் இல்லாமல், எல்லாரும் பின்னால் சிரித்துப் பேசும்படியாக.

அக்டோபரில், முதல் பனி விழுவதற்கு முன்னால், அலுவலக நண்பர்கள் சிலரோடு கும்பெல் சிகரம் ஏறலாம் என்று சொன்னேன். கோக்-ஜைலாவ் புல்வெளி வழியாகப் போகிற பாதை, நீங்களும் போயிருப்பீர்கள். தோக்தார் அண்ணன் உடனே சரி என்றார், அவருக்குச் சாப்பாட்டுப் பை கட்டுவதில் ஆர்வம். பணியாளர் பிரிவில் இருந்த மெருயெர்த்தும் வருவதாகச் சொன்னாள். குவானிஷ் மட்டும் இழுத்தான்.

"காலாண்டுக் கணக்கு முடிக்கணும்டா. நீங்க போய்ட்டு வாங்க."

"நீ வந்தாத்தான் நான் போவேன்" என்றேன்.

அது முழு உண்மை.

அதற்கு முந்தைய ஞாயிறு நான் தனியாக ஒருமுறை போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறரைக் கூட்டிப் போகிறவன் செய்ய வேண்டிய வேலை அது. புல்வெளிக்கு மேலே பாதை வலப்பக்கம் சிகரத்துக்கு ஏறுகிறது. இடப்பக்கம் இறங்கினால் தேவதாரு மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளம். அதன் அடியில் மேய்ப்பர்கள் கோடையில் தங்கும் குடிசை ஒன்று. இலையுதிர் காலத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே போனுக்குச் சிக்னல் கிடைக்காது. குடிசையின் அலமாரியில் கெட்டிப்பால் டின் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். முன்யோசனை என்று கட்டுரையில் எழுதக்கூடிய பண்பு இது. ஆனால் அந்த டின்னைப் பற்றி நான் எழுதவில்லை.

கிளம்பிய அன்று காலை குவானிஷை அழைக்க அவன் வீட்டுக்குப் போனேன். இன்சுலின் போட்டு, சாப்பிட்டு, தயாராக இருந்தான். அவன் அம்மா பையை அவன் தோளில் மாட்டிவிட்டு, "டப்பா நிறைய வெச்சிருக்கேன், மேல் பாக்கெட்ல" என்றார். அந்த டப்பாவின் மூடியில் அவன் அக்கா மகள் ஒரு பூனைப் படம் ஒட்டியிருந்தாள். அவனுக்கு அதில் கொஞ்சம் வெட்கம்.

தோக்தார் அண்ணனின் பழைய காரில் போனோம். மேலே நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். புல்வெளிக்கு வந்து சேர்ந்ததும் தோக்தார் அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, கொண்டாங்கப்பா. பொரிச்ச பவுர்சாக் இருக்கு, குதிரைக்கறிக் கஸி இருக்கு. என் பொண்டாட்டி குதிரையையே அடைச்சு வெச்சிருக்கா."

"பை உங்ககிட்ட இல்லையா அண்ணே?" என்றேன்.

"நீ எடுத்துட்டு வரலயா?"

"நீங்க எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு கழுதை. காருலயே விட்டுட்டேன்."

மெருயெர்த் சிரித்துவிட்டாள். "அண்ணே, உங்க தொப்பையை மறந்துட்டு வந்தேன்னு சொன்னாக்கூட நம்புவேன். சாப்பாட்டை மறந்தீங்கங்கறதை நம்ப மாட்டேன்." அவளிடம் ஒரு ஆப்பிள் இருந்தது. பாதியைக் குவானிஷுக்கு வெட்டிக் கொடுத்தாள். அந்த ஆப்பிளை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அதனால் பின்னால் கொஞ்சம் தாமதமானது.

திரும்பிவிடலாமா என்று பேச்சு வந்தது. சிகரம் பக்கம்தான், இறங்கி வந்து காரிலேயே சாப்பிடலாம் என்றேன். எல்லாரும் குவானிஷைப் பார்த்தார்கள். அவன் தோள் பையைத் தட்டி, "எங்கிட்ட சர்க்கரை இருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். திறந்து பார்க்கவில்லை.

மூடுபனி இறங்கியது. வானிலை அறிக்கையில் சொன்னபடிதான் இறங்கியது. பாதை பிரியும் இடத்தில் நான் இடப்பக்கம் திரும்பினேன்.

"வலப்பக்கம்தானேடா?" என்று குவானிஷ் கேட்டான்.

"போன வாரம்தான் வந்தேன்" என்றேன். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் என்னை நம்பாமல் இருந்த நாளே கிடையாது.

பள்ளத்தில் நெடுநேரம் ஏறி இறங்கினோம். பனி தூறத் தொடங்கியது. முதலில் தோக்தார் அண்ணனின் பேச்சு நின்றது. பிறகு குவானிஷ் திடீரென்று அவரைப் பார்த்துக் கத்தினான்: "உங்க தொப்பையால எல்லாம் போச்சு. பை தூக்கக்கூட வக்கில்லாத மனுஷன்." தோக்தார் அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. குவானிஷ் யாரையும் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அந்தக் குளிரில் அவன் நெற்றியில் வேர்வை ஓடியது. எனக்குத் தெரிந்தது. நான் எதிர்பார்த்த நேரம் அது.

அவன் பையின் மேல் பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவினான். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. "இல்ல" என்றான், நாக்கு குழற. "சர்க்கரை இல்ல."

"கீழ ஒரு குடிசை இருக்கு" என்றேன். "மேய்ப்பர்கள் எதையாவது விட்டுட்டுப் போயிருப்பாங்க. என் பின்னாடி வாங்க." என் குரல் உறுதியாக இருந்ததாக மெருயெர்த் பிறகு சொன்னாள்.

திட்டம் இவ்வளவுதான், ஐயா. குடிசைக்குள் போவது, அலமாரியில் தேடுவது, கெட்டிப்பால் டின்னைக் கண்டுபிடிப்பது, கத்தியால் குத்தித் திறந்து அவன் வாயில் ஊற்றுவது. கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து அசட்டுத்தனமாகச் சிரித்திருப்பான். தோக்தார் அண்ணன் அழுதிருப்பார். எல்லாருமாக இறங்கி வந்து காரில் பவுர்சாக் சாப்பிட்டிருப்போம். நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காப்பாற்றத்தான் நினைத்தேன். காப்பாற்ற ஒரு ஆள் தேவைப்பட்டான். முன்பின் தெரியாதவரை இதில் இழுப்பது முறையல்ல.

குடிசையில் டின் இருந்தது. திறந்து, நக்கித் துடைத்து, உள்ளே ஒரு கரண்டியோடு வைத்திருந்தார்கள். யாரோ மலையேறி வந்தவர்கள். இந்த நாட்டில் ஒரு பொருளை நம்பி ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. நாம் உருப்படாமல் போவதற்கு இந்தத் திருட்டுப் புத்திதான் காரணம்.

நான் அலமாரியைப் பார்த்தபடி நின்றேன். குவானிஷ் தரையில் சரிந்துவிட்டான். மெருயெர்த் அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டே, "ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா" என்று கேட்டாள். என் மேலங்கியின் உள்பாக்கெட்டில் பூனைப் படம் ஒட்டிய டப்பா இருந்தது, நிறைய. காலையில் காரில் வரும்போது, அவன் முன்னிருக்கையில் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், பின்னிருக்கையில் கிடந்த அவன் பையிலிருந்து எடுத்தது. சாப்பாட்டுப் பையை இருக்கைக்கு அடியில் தள்ளியதும் அதே கையோடு செய்த வேலைதான். மெருயெர்த் ஜன்னலில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் அந்த டப்பாவை வெளியே எடுத்திருக்கலாம். எடுத்தால் அடுத்த கேள்வி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவனுடைய டப்பா என் பாக்கெட்டில் ஏன் இருக்கிறது? நான் என்ன பதில் சொல்வது? டப்பாவை எடுக்காமல், இரண்டு கட்டிகளை மட்டும் கைக்குள் மறைத்து எடுத்து, அலமாரியில் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். இந்த யோசனை எனக்கு வந்தது, தாமதமாக வந்தது. நெருக்கடியில் என் மூளை தெளிவாக வேலை செய்யும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அதில் சற்றே மிகைப்படுத்திய இடம் அது ஒன்றுதான்.

"இங்க எதுவும் இல்ல" என்றேன். "தூக்கிட்டுப் போயிடலாம்."

முதலில் தோக்தார் அண்ணன் தூக்கினார். நான் முன்னால் போய்ப் பனியில் பாதை பார்த்தேன். அவர் மூச்சு முட்டி உட்கார்ந்ததும் என் முறை. வேர்க்கும் என்று மேலங்கியைக் கழற்றி, நடுங்கிக்கொண்டிருந்த மெருயெர்த்திடம் கொடுத்துவிட்டு, அவனை முதுகில் ஏற்றிக்கொண்டேன். இதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஏற்றமும் பனியுமான வழியில், கால் இரண்டு தடவை பிசகியும் அவனைக் கீழே விடவில்லை. அவன் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது. சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து மெருயெர்த் மீட்புப் படையை அழைத்தாள். அவர்கள் வந்தபோது எனக்குக் கை விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

குவானிஷ் சாகவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நாள் நினைவில்லாமல் கிடந்தான், பிறகு கண் திறந்தான். மூளைக்குச் சர்க்கரை போகாமல் நெடுநேரம் இருந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆளை அடையாளம் தெரிகிறது. பேசுகிறான், மெதுவாக. கூட்டல் வருவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் சிவப்புப் பட்டயத்தைக் காட்டி, "இது யாருதும்மா?" என்று கேட்கிறான். சொன்னால் சந்தோஷப்படுகிறான். மறுபடி கேட்கிறான்.

மருத்துவமனை நடைவழியில் அவன் அம்மா என் தலையை இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். "என் குதிரைக்குட்டியே, நீ தூக்கிட்டு வரலன்னா எனக்குப் பிள்ளையே இல்ல. ரெண்டு பேரையும் நான்தான் பெத்தேன்னு இனிமே ஊர்ல சொல்லுவேன்" என்றார். நானும் அழுதேன். நடிப்பில்லை.

தோக்தார் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். இப்போது வேடிக்கை பேசுவதில்லை. குடிக்கிறார் என்று அவர் மனைவி சொன்னாள். நேரில் போய்ப் பார்த்தேன். "ஒரு பையை எடுக்க மறந்தேன் தம்பி, ஒரே ஒரு பையை" என்றார். "விடுங்க அண்ணே, யாருக்கும் நடக்கிறதுதான்" என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். நான் யாரையும் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கட்டுரையை எழுதினேன். மூடுபனி, பனித்தூறல், முதுகில் நண்பன். ஷோல்பான் படித்தார். கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்தார். பாதியில் எழுந்து ஜன்னலருகே போய் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இதைப் படிச்ச பெறகு உன் சராசரி என்னன்னு எவன் கேப்பான்?" என்றார். சில வாரங்களில் அந்தப் பள்ளி என்னை நேர்காணலுக்கு அழைத்தது.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். ஒத்திகை பார்த்துக்கொள்ள மெருயெர்த்தைக் கூப்பிட்டேன். பணியாளர் பிரிவில் இருப்பவள், ஆட்களைக் கேள்வி கேட்டுப் பழகியவள். சாப்பாட்டு இடைவேளையில் கூட்ட அறையில் உட்கார்ந்தோம்.

"சரி யெர்னார். உங்க வாழ்க்கையில மறக்க முடியாத இக்கட்டு ஒண்ணைச் சொல்லுங்க" என்றாள், குரலைப் பெரிய மனுஷியாக்கிக்கொண்டு.

சொன்னேன். தயார் செய்திருந்தபடி சொன்னேன். அவளும் அங்கே இருந்தவள்தான் என்பதே மறந்துபோகும் அளவுக்கு நன்றாகச் சொன்னேன். கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தவள், குடிசைக்கு வந்ததும் இடைமறித்தாள்.

"ஒரு நிமிஷம். அவன்கிட்ட சர்க்கரை இருந்திருக்கணுமே, அது என்னாச்சுன்னு அவங்க கேப்பாங்க."

"வீட்லயே விட்டுட்டு வந்துட்டான். டப்பாவை எடுத்துட்டு வரவே இல்ல."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள்.

"வீட்லயா?"

"ஆமா."

"அன்னிக்கு உன் ஜாக்கெட்டை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைச்சுக் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உள்பாக்கெட்ல அந்த டப்பா இருந்துச்சு. பூனை ஒட்டினது. காலியா இருந்துச்சு. சர்க்கரை இல்லன்னு அவன் சொன்னானே, டப்பா காலியா இருந்ததைத்தான் சொல்றான்னு நெனச்சேன். நீ அவன் பையிலேர்ந்து எடுத்துப் பார்த்துட்டு வெச்சிருப்பன்னு நெனச்சு அவங்க அம்மாகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அப்படித்தான் இருக்கும். பையிலேர்ந்து எடுத்திருப்பேன்."

"வீட்ல விட்டுட்டு வந்ததைப் பையிலேர்ந்து எப்படி எடுப்ப?"

நான் தண்ணீர் குடித்தேன். அவள் நிறுத்தவில்லை; குரலையும் உயர்த்தவில்லை.

"அவங்க அம்மா அழுதாங்க. 'நிறைய வெச்சேனே, அத்தனையும் தின்னுமா பத்தல என் பிள்ளைக்கு'ன்னு அழுதாங்க. அவன் வழி முழுக்க என் பக்கத்துலதான் நடந்தான் யெர்னார். நான் குடுத்த அரை ஆப்பிளைத் தவிர எதுவும் சாப்பிடல. அதை அவங்ககிட்டச் சொல்லத் தெம்பு இல்லாம வந்துட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. பாக்கெட் உள்ள துணியெல்லாம் ஏன் பிசுபிசுன்னு இருந்துச்சு?"

"தெரியல" என்றேன். நேர்காணலில் அப்படி ஒரு பதிலைச் சொல்லவே கூடாது என்று ஷோல்பான் எச்சரித்திருந்தார்.

மெருயெர்த் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். "நேர்காணல் முடிஞ்சுது" என்றாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறவள்.

உண்மையான நேர்காணலை அடுத்த நாள் முடித்துவிட்டேன். திரையில் ஒரு வயதான பேராசிரியர். டப்பாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.

நான் மறுக்கலாம் என்று என் வழக்கறிஞர் சொல்கிறார். மூடுபனியில் வழி தவறியது, டப்பா தற்செயலாக என்னிடம் இருந்தது, பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார். ஆனால் நான் பதற்றப்படாதவன் என்றும், வழியை முன்கூட்டியே போய்ப் பார்த்தவன் என்றும் என் கையெழுத்தோடு கட்டுரையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் பொய் இருப்பது தெரிந்தால் அந்தப் பள்ளியில் இடம் ரத்தாகிவிடும். அதனால் மறுப்பதற்கில்லை.

கடைசியாக நீங்கள் கேட்டது அந்தச் சர்க்கரை என்னவாயிற்று என்று. தோக்தார் அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, நான் பாதை பார்க்க முன்னால் போனேன் அல்லவா? மூடுபனியில் அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை. நான் சாப்பிட்டேன். எல்லாக் கட்டிகளையும், பனியில் நனைந்த விரல்களால் பாக்கெட்டுக்குள் துழாவி, ஒவ்வொன்றாக. டப்பா நிறைய இருந்தால் யாராவது பார்த்துவிடும் ஆபத்து. அதோடு காலையிலிருந்து எனக்கும் பசி. அடுத்தது என் முறை, அவனைச் சுமக்கத் தெம்பு வேண்டும். கையில் மறைத்து எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்ற யோசனை கடைசிக் கட்டி வாயில் கரைந்துகொண்டிருந்தபோது வந்தது. ஈறில் தேய்க்கச் சொல்லியிருந்தானே என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. துப்பிவிட்டுத் திரும்பி ஓடியிருக்கலாம். மெருயெர்த் அவன் பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன்.

அவ்வளவுதான். நீங்கள் தட்டச்சு செய்திருப்பதைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும், ஐயா. முதல் பக்கத்தில், அந்த மலையேற்றத்தில் நான் "கலந்துகொண்டேன்" என்று போட்டிருக்கிறீர்கள். "தலைமை தாங்கினேன்" என்று மாற்றிவிடுங்கள்.